நாலாம் இடத்தின் கதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்தின் அணி மூன்றாவதாக வந்ததும் நீயும் உன் கூட்டாளிகளும் தெருவில் வெடி வெடித்ததாக உன் அம்மா சொன்னாள். நல்லது. ஆனால் எதில் மூன்றாவது என்று நான் கேட்டபோது நீ விழித்தாய். அந்தப் பந்தயத்தில் ஒரே தடத்தில் பல வகைக் கார்கள் கலந்து ஓடும். அஜித் அணிக்குக் கிடைத்தது போர்ஷே 992 வகைக்குள் மூன்றாம் இடம். இதைச் சொன்னதும் உன் முகம் சுருங்கியது. சுருங்க வேண்டியதில்லை. இரவு பகலாக, ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டி, கார் உடையாமல் கொண்டு வந்து சேர்ப்பதே பெரும்பாடு.

எதில், எப்படி என்று கேட்க வேண்டிய இன்னொரு இடமும் உண்டு. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த வருஷம் ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்காவில், இண்டியானாபோலிஸில் நாலாவதாக வந்தார். ஐந்து புள்ளிகள். கேட்டால் புல்லரிக்கிறதா? நடந்ததைக் கேள். அந்தத் தடத்தின் கடைசி வளைவு சாய்வாக எழும்பியது. அங்கே மிச்லின் டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் கார் மோதியது. ஞாயிறன்று முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிச்லின் போட்ட 14 கார்களும் ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அதில் ஃபெராரி இரண்டும் முதலிரண்டு இடம். மிச்சம் நாலு காரில் நாராயண் இரண்டாமவர். அவருக்கு முன்னால் போனது அவர் அணியின் இன்னொரு கார், டியாகோ மொன்டெய்ரோவுடையது. மேடையேறியவர் மொன்டெய்ரோ.

அப்படியானால் அந்த நாலாம் இடம் வெறும் அதிர்ஷ்டமா? அப்படிச் சொல்கிறவனை நான் ரசிகன் என்று ஒப்பமாட்டேன். மோசமான காரை முழுத் தூரமும் ஓட்டி முடித்ததும் ஒரு வேலைதான். 2011-இல் ஹெச்ஆர்டி அணியில் அவருக்குக் கிடைத்த கார் இன்னும் மோசம். விதி இது: தகுதிச்சுற்றின் முதல் கட்டத்தில் மிக வேகமானவர் 100 வினாடியில் சுற்றினால் நீ 107-க்குள் சுற்ற வேண்டும். மெல்போர்னில் அந்த அணியின் இரு கார்களும் அதற்குள் வராமல் பந்தயமே ஓட முடியவில்லை. ஒருவர் மட்டும் தவறியிருந்தால் ஓட்டுநரைக் கேட்கலாம். இருவரும் தவறினால்? காரைக் கேள். ஓட்டுநரை எடைபோட, அதே காரில் பக்கத்தில் ஓட்டுகிறவரோடு ஒப்பிடுவதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியாது.

நேரில் பார்க்க, உளுந்தூர்பேட்டையில் சென்னை பஸ் ஏறு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், 1990-இல் திறந்த தடம் இருக்கிறது, சுமார் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்டார்கள். ஸ்டாப்வாட்ச் ஒன்றைக் கொண்டுபோ. முன்னால் போகிற காரை விட்டுவிட்டு, நடுவில் ஓடும் ஒரு காரின் சுற்று நேரத்தை எழுதிக்கொண்டே வா. டயர் தேயத் தேய நேரம் கூடும். பெட்ரோல் குறைந்து கார் லேசாக லேசாக நேரம் குறையும். இந்த இழுபறிதான் எனக்கு ருசி. முந்துவதை யாரும் பார்ப்பார்கள்.

விருத்தாசலம் ரோட்டில் வண்டியை முறுக்குவதை இந்தக் கணக்கில் சேர்க்காதே. அதற்கு வேறு பெயர்.

தீபாவளிக்கு வருகிறேன். மெக்கானிக்கிடம் கேட்டு, உன் அப்பா வண்டியின் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை வாங்கி வை. அதிலிருக்கும் வெள்ளைப் பகுதி பீங்கான்தான்; நம் ஊர்ப் பக்கப் பீங்கான் சூளைகளுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் நுனி கருகியிருந்தால் பெட்ரோல் அதிகம் போயிருக்கலாம். வெளுத்திருந்தால் சூடு மிஞ்சியிருக்கலாம். இளம்பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். எது என்று நீயே பார்த்துச் சொல்.

அன்புடன்,
மாமா