தேத்தண்ணீரும் தேகப் பருமனும்

கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் குறைபட்டுக்கொண்டார். "சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஆனாலும் பெல்ட்டில் ஒரு துளைகூட உள்ளே போகவில்லையே, பாய்!" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் கடைப் பையன் இரண்டு கிளாஸ் தே தாரிக்கைக் கொண்டுவந்து வைத்தான். வேண்டுமா என்று நம்மைக் கேட்கவில்லை. கேட்பது நம்மவர் வழக்கமும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று அவரையே எண்ணச் சொன்னோம். சுபுஹுத் தொழுது வந்ததும் ஒன்று. பத்து மணிக்குச் சரக்குக் கொண்டுவரும் தவ்க்கேயுடன் ஒன்று. பகல் சாப்பாட்டுக்கு சீராப் ஐஸ். அசருக்குப் பின் ஒன்று. கடை அடைத்துவிட்டுச் சிநேகிதர்களோடு ஒன்று. ஆக ஐந்து. இவற்றுள் தாகத்துக்காகக் குடித்தது எது என்று கேட்டோம். அவர் சிரித்தார். பேரத்துக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று, களைப்புக்கு ஒன்று என்று போகிறதேயன்றி, தாகத்துக்கு அவர் குடிப்பது பச்சைத் தண்ணீர்தான்.

கணக்குத் தெரிந்தவர்கள் நாம். ஆகவே கணக்காகவே பார்ப்போம். டின் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சீனி. ஒரு கிளாஸில் இரண்டு பெரிய கரண்டி, அதாவது 40 கிராம் பால் ஊற்றினால், 20 கிராம் சீனி உள்ளே போகிறது. இது ஐந்து தேக்கரண்டிக்குச் சமம். சீராப்பையும் அதே அளவில் வைத்தால், ஐந்து கிளாஸுக்கு 100 கிராம். ஒரு கிராம் சீனிக்கு 4 கலோரி வீதம் 400 கலோரி. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் கூறிய வரம்பு, 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நலம். நண்பர் சோற்றுத் தட்டில் மிச்சம் பிடித்ததை கிளாஸில் செலவு செய்துவிட்டார்.

இனிப்பை மென்று தின்றாலென்ன, குடித்தாலென்ன, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், 15 பேருக்கு நான்கு வாரம் தினம் 450 கலோரி அளவு மிட்டாயும், வேறொரு நான்கு வாரம் அதே அளவுக்கு இனிப்புச் சோடாவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற காலத்தில் அவர்கள் தம்மையறியாமலே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த காலத்திலோ உணவு குறையவில்லை, எடை ஏறியது. குடித்த இனிப்பை வயிறு கணக்கில் வைப்பதில்லை என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

அதற்காக, நிறுத்திய மறுமாதமே தொப்பை கரைந்துவிடும் என்று எவரும் ஆசை காட்டவேண்டாம். 810 பேரைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தினம் ஒரு கிளாஸ் இனிப்புப் பானத்தைக் குறைத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ கூடுதலாகக் குறைந்தது. லாபம் சிறிதுதான். ஆனால் ஒரு வேளைச் சோற்றையும் விடாமல் கிடைக்கிற லாபம்.

இனி, கடையில் எப்படிக் கேட்பது? "குராங் மானிஸ்" என்றால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். தே தாரிக்கில் பாலும் சீனியும் ஒரே டின்னில் இருக்கின்றன. இனிப்பைக் குறைத்தால் பாலும் குறைந்து தே கசக்கும். ஆகவே கலக்குகிறவர் நம் முகத்துக்கு அஞ்சி அரைக் கரண்டிதான் குறைப்பார். "தே சி கோசோங்" என்று கேட்பதே வழி. சீனியில்லாத டின் பால் விட்ட, சீனி போடாத தே அது. முதல் சில நாள் வாய்க்குப் பிடிக்காது. பிறகு நாக்கு பழகிவிடும். தேனும் குலா மலாக்காவும் சீனிக்குச் சமமே, பழச்சாறும் தப்பாது.

மலேசியாவில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள குளிர்பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. 2025 ஜனவரியில் அது 90 காசாயிற்று. அந்த டின்னில் சீனியின் அளவாவது அச்சிட்டிருக்கும். நம் கடை கிளாஸுக்கு வரியும் இல்லை, அளவுச் சீட்டும் இல்லை. 2023-ம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 54.4 சதவீதம் பேர் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள், 15.6 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் சாப்பாட்டுக் கடை நடத்தும் சகோதரர்கள் சீனியைத் தனியே வைத்து, "போடவா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் செலவு ஒன்றுமில்லை. கேட்காமல் ஊற்றுவதே உபசாரம் என்ற எண்ணம் மட்டும் சற்று இடம் விடவேண்டும்.

நோன்பு மாதத்தில் இது தலைகீழாகிறது. பகலெல்லாம் பட்டினி கிடந்து, நோன்பு திறக்கையில் சீராப் பண்டோங் இரண்டு கிளாஸ், தராவீஹுக்குப் பின் தே தாரிக் என்று, எடை கூடிப் பெருநாளுக்குச் சட்டை இறுகியவர்களை நாம் அறிவோம். பேரீச்சம்பழமும் தண்ணீருமாகத் திறப்பது நம் வழிமுறைதானே. சீராப்பை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவர்கள் நாம்தாம்.

ஓர் எச்சரிக்கை. இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஒரே நாளில் எல்லா இனிப்பையும் நிறுத்தக்கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க இனிப்பு மட்டும் நின்றால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் கண்டு மயக்கம் வரலாம். அந்நேரத்தில் சீனித் தண்ணீரே மருந்து. அதைக் கல்லாப்பெட்டியருகில் வைத்திருப்பது தவறல்ல.

கிள்ளான் நண்பரிடம் நேற்றுப் போயிருந்தோம். பையன் வந்து, "உங்களுக்கு எப்படிப் போடட்டும், பாய்?" என்று கேட்டான்.