குழாயில் தண்ணீர் வரவில்லையா? பேரூராட்சியில் கேட்கும் முறை

"பத்து நாளா தண்ணி சரியா வரல சார்." பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தால் இந்த வார்த்தை பலமுறை காதில் விழும். சொல்பவரின் தவிப்பு உண்மை. ஆனால் இதை மட்டும் கேட்டுக்கொண்டு பேரூராட்சியின் குழாய் பிட்டர் எந்தத் தெருவுக்குப் போவார், எந்த வால்வைத் திறந்து பார்ப்பார்? நானும் இப்படிச் சொல்லிச் சொல்லி நான்கு முறை அலைந்தவன். ஐந்தாம் முறை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். எந்தெந்த வீட்டுக்கு, என்றைக்கு, எத்தனை நிமிடம் வந்தது என்று அதில் இருந்தது. மறுநாளே தெருமுனை வால்வுக் குழியைத் திறந்தார்கள். வால்வின் தண்டு உடைந்து, பாதித் திறப்பிலேயே நின்றுபோயிருந்தது. அந்த நோட்டை எப்படி எழுதுவது, எழுதியதை யாரிடம் எப்படிக் கொண்டுபோவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தண்ணீர் வரும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்

முதல் வேலை இது. அரை நாள் போதும். உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பேரூராட்சியின் சொந்த போர், கிணறு என்றால் மோட்டார் அறை ஊருக்குள்ளோ ஏரிக்கரையிலோ இருக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஆற்றிலிருந்து எடுத்து, ஊர் எல்லையில் உள்ள தரைமட்டத் தொட்டி வரை கொண்டுவந்து கொடுக்கும். அதை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, வால்வு திறந்து, தெருவுக்கு முறை வைத்து விடுவது பேரூராட்சி. பல ஊர்களில் இரண்டு தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து வரும்.

இந்த எல்லை தெரியாததால் வீணாகும் நாட்கள் அதிகம். ஊர் முழுக்கவே தண்ணீர் குறைந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் தொட்டிக்கு அந்தப் பக்கம்: வாரியத்தின் வரத்து குறைந்திருக்கும், அல்லது மோட்டார் பழுது. பக்கத்துத் தெருவில் நன்றாக வந்து உங்கள் தெருவில் மட்டும் குறைந்தால் வால்வு, அடைப்பு, கசிவு. தெருவின் முன்பாதியில் வந்து கடைக்கோடி வீடுகளில் வராவிட்டால், நடுவில் யாரோ குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். வால்வு திறக்கும் ஊழியரிடம் மரியாதையாகப் பேசிப் பாருங்கள். எந்தக் குழாய் எந்த ஆண்டு போட்டது, எந்த இணைப்பு வரைபடத்தில் இல்லாதது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஊரின் நிலத்தடிக் குழாய் வரைபடம் பல இடங்களில் அவர் மனதில்தான் இருக்கிறது.

பத்து நாள் நோட்டு

தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம், நிறம், வாடை. இவ்வளவு போதும். தெருவின் தொடக்கத்தில் ஒரு வீடு, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று பேர் எழுதினால் அந்த நோட்டுக்குத் தனி பலம். குடத்தில் அளக்காதீர்கள், குடத்துக்குக் குடம் அளவு வேறு. லிட்டர் குறித்த வாளியில் அளங்கள்.

அளந்ததை எதோடு ஒப்பிடுவது? பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், அது இருக்கும் ஊர்களுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு வைத்திருந்த அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 70 வீதம் ஒரு நாளைக்கு 280 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் விட்டால் ஒரு முறைக்கு 560 லிட்டர் வந்தாக வேண்டும். உங்கள் குழாயில் 15 லிட்டர் வாளி நிரம்ப 5 நிமிடம் ஆகிறது, தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வருகிறது என்றால் கிடைப்பது 180 லிட்டர். அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "தண்ணி பத்தல" என்பதற்கும் "560 வர வேண்டிய இடத்தில் 180 வருகிறது" என்பதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் கவனம் ஒன்றல்ல.

கலங்கலோ சாக்கடை வாடையோ வந்தால் பத்து நாள் காத்திருக்காதீர்கள்

அன்றே கிளம்புங்கள். தண்ணீர் குறைவது தொல்லை, சாக்கடை கலப்பது உயிர் விஷயம். முறை வைத்து விடும் ஊர்களில் தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. அதில் ஓட்டையோ தளர்ந்த இணைப்போ இருந்தால், வெளியே தேங்கி நிற்கும் அழுக்குநீர் அதன் வழியே உள்ளே புகும். வீட்டு மோட்டார் உறிஞ்சும்போது இது இன்னும் மோசமாகும். தெரு மெயினிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் சாக்கடைக்கு உள்ளேயே படுத்துக் கிடக்கும் தெருக்கள் எத்தனையோ. பழைய இரும்புக் குழாய் அங்கேதான் துருப்பிடித்து ஓட்டையாகிறது.

கலக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தண்ணீர் ஓடும் திசையில் வீடு வீடாகக் கேட்டுப் போங்கள். முதல் சில நிமிடத் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக நல்ல தண்ணீர் வந்த வீட்டுக்கும் முதலாவதாக வாடை வந்த வீட்டுக்கும் இடையில்தான் தோண்ட வேண்டும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் வாடை என்றால் அந்த வீட்டு இணைப்பைப் பாருங்கள். அதைச் சாக்கடைக்கு மேலே தூக்கி மாற்றிப் போடும் செலவு பெரும்பாலும் வீட்டுக்காரருடையதாகத்தான் இருக்கும். சரியாகும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் தெளியவைத்து, வடிகட்டி, தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகு குடிக்கலாம்.

குளோரின் சோதனையும் கேளுங்கள். குழாயடித் தண்ணீரைச் சிறு சோதனைக் குழாயில் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிப்பார்கள். கடைக்கோடி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீரில் பார்த்துப் பயனில்லை, தெருவிலிருந்து நேராக வரும் குழாயில் பாருங்கள். நிறமே மாறவில்லை என்றால் பிளீச்சிங் பவுடர் போடவில்லை, அல்லது போட்டது முழுவதையும் அழுக்கு தின்றுவிட்டது. தொட்டி கடைசியாகக் கழுவிய தேதியைத் தொட்டியின் மேலேயே எழுதி வைப்பது வழக்கம். அதையும் நோட்டில் குறியுங்கள்.

உப்பு, ஃபுளோரைடு சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டவே கூடாது. கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். வீட்டு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொண்டுபோனால் முடிவை நம்ப முடியாது.

யாரிடம் போவது

2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வார்டு கவுன்சிலர்கள், தலைவர், அரசு நியமித்த செயல் அலுவலர் என்பதுதான் அமைப்பு. வால்வு, கசிவு, குளோரின் போன்ற அன்றாட வேலைக்குச் செயல் அலுவலரிடம் மனு. புதுக் குழாய், புது போர், தொட்டி என்றால் பணம் ஒதுக்கி மன்றத்தில் தீர்மானம் போட வேண்டும். அதற்குக் கவுன்சிலர்தான் வழி. அடுத்த மன்றக் கூட்டத் தேதியைக் கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே அவர் கையில் மனுவைக் கொடுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் கொடுத்தால் பொருள் பட்டியலில் ஏறாது.

"நிதி இல்லை" என்ற பதில் வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை இத்தகைய நகர அமைப்புகளுக்கு 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கும், இன்னொரு 30 சதவீதம் துப்புரவு, திடக்கழிவுக்கும் என்றே கட்டி வைக்கப்பட்டது. அந்தத் தொகையில் எந்தத் தெருவில் என்ன வேலை நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையதாக இருந்தால் குழாய்க்காகத் தோண்ட அவர்கள் அனுமதி வேண்டும், அதனால் வேலை தள்ளிப்போகும். அனுமதிக் கடிதம் போய்விட்டதா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மனு

ஒரு மனுவில் ஒரே குறை. தண்ணீர், குப்பை, நாய், விளக்கு என்று நான்கையும் ஒரே தாளில் எழுதினால் அது நான்கு மேசைக்கும் போகாமல் ஒரு மேசையில் தங்கிவிடும். "7-ஆவது வார்டு, இன்ன தெரு, 14 வீடுகள். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எழுதிய அளவு இணைப்பில். தெருமுனை வால்வைத் திறந்து சோதிக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்ற அளவில் இருக்கட்டும். கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் வீட்டு எண் எழுதுங்கள். தனி மனுவைவிடத் தெரு மனுவுக்கு மதிப்பு அதிகம். இரண்டு நகல் எடுத்துப்போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிந்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு நகல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய வெள்ளைத் தாள் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் தண்ணீர் வரவில்லை என்று அதில் கேட்காதீர்கள், அதற்கு ஆவணம் கிடையாது. கடந்த மூன்று மாத மோட்டார் ஓடிய நேரப் பதிவேடு, தொட்டி கழுவிய பதிவேடு, குளோரின் சோதனைப் பதிவேடு, வாரியத்திடமிருந்து பெற்ற தண்ணீரின் அளவு ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

வேலை நடக்கும் நாளில் தெருக்காரர் ஒருவர் கூடவே நிற்கட்டும். தோண்டியவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் டீயும் கொடுங்கள். வெயிலில் குழிக்குள் இறங்கி நிற்பவர்கள் அவர்கள்தான். குழியை மூடும் முன் தண்ணீர் விட்டுக் கசிவு இல்லையென்று பார்க்கச் சொல்லுங்கள். வால்வுக் குழியின் மூடி திரும்பப் பொருந்தியதா, தோண்டிய மண் சாக்கடையை அடைத்துவிடவில்லையா என்று பாருங்கள். பிறகு நோட்டில் இன்னும் பத்து நாள் எழுதுங்கள். பழைய அளவும் புதிய அளவும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கட்டும்.