ஓடை நீரில் வாழும் ஜீவன்கள்

நீரை வடிகட்டிப் பருகுதல் சிராவகர்க்குரிய நியமங்களுள் ஒன்று. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் எடுத்த இடத்திலேயே மீண்டும் விடுதலும் அந்நியமத்தின் பகுதியே. குழாய்நீர் வந்தபின் இதனைப் பலரும் மறந்துவிட்டோம். அவ்வாறு விடப்படும் உயிர் அந்நீரில் வாழ இயலுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் நத்தை, புழு முதலிய ஈரறிவுயிர்களைக் காணலாம். வளர்ந்தபின் பறக்கும் பூச்சிகளின் இளம்பருவங்களும் அங்கேயே உள்ளன. ஒருநாள் பூச்சி என்பது சிறகு பெற்றபின் ஓரிரு நாள்களே வாழ்வது. ஆயினும் அதற்கு முன்னர் பல மாதங்களை நீரினுள் கழிக்கிறது. மணற்துகள்களை ஒட்டிக் கூடு சமைத்துக்கொண்டு அதனுள் வாழும் புழுவும் உண்டு.

கரைவரை உழுதால் மழையில் கரையும் மண் கற்களின் இடுக்குகளை அடைக்கிறது, உறைவிடம் போகிறது. கரைமரங்களை வெட்டினால் நீர் வெப்பமடைந்து உயிர்வளி குறைகிறது. உதிர்ந்த இலையை உண்பவை உணவின்றி மடிகின்றன. உரம் பாசியைப் பெருக்குகிறது. இவற்றினும் கொடியது பூச்சிமருந்து.

ஜெர்மனி, பிரான்சு நாடுகளின் ஓடைகளில் மருந்தினால் உயிர்வகைகள் 42 விழுக்காடு வரை குறைந்திருந்ததை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. தீங்கற்றவை எனச் சட்டம் கருதிய அளவுகளிலேயே இக்குறைவு நேர்ந்தது. ஜெர்மனியில் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் சிற்றோடைகளை ஆய்ந்தபோது, வயல்சூழ் ஓடைகளுள் 81 விழுக்காட்டில் மருந்து ஏற்கத்தக்க அளவை மீறியிருந்தது. மழை பெய்தவுடன் எடுத்த நீரிலேயே மருந்து மிகுதியாக இருந்தது. தெளிந்த நாளில் எடுத்த நீரை மட்டும் சோதித்தவர்க்கு இது புலப்படாது.

உழவில் நேரும் இம்சையை உத்யோக இம்சை என்று நம் ஆசாரியர்கள் வகுத்தனர். இல்லறத்தார்க்கு அது முற்றிலும் விலக்கத்தக்கதன்று. எனினும் பிரமாதத்தால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. (வழக்கில் சிறப்பைக் குறிக்கும் இச்சொல், சமய நூலில் கவனமின்மையைக் குறிக்கும்.) மழை வருமென அறிந்தும் மருந்து தெளிப்பதையும், தெளிப்பானை வாய்க்காலில் கழுவுவதையும் உத்யோகத்தில் அடக்குதல் பொருந்தாது என்பது நம் கருத்து.

நம் குடும்பங்களுள் உழவர் பலர். ஓடையை ஒட்டிய நிலமுடையோர் கரையோரத்தில் சில அடி அகலம் உழாது, புல்லும் மரமும் வளர விட்டால் மண்ணும் மருந்தும் நீரை அடைவது குறையும். தெளிப்பானைக் கழுவிய நீரை வயலுக்குள்ளேயே ஊற்றுவதற்கோ செலவு ஏதுமில்லை.