முதல்ல ஆட்டைப் பிடி, அப்புறம் கோட்டையைப் பிடி: ஆர்டிஎஸ் கேம் வாங்கப் போறவங்களுக்கு அக்கா டிப்ஸ்

ஸ்டீம்ல தள்ளுபடி ஆரம்பிச்சா போதும், சொந்தக்காரப் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல எனக்கு ஒரே கேள்விதான்: "அக்கா, நல்ல ஆர்டிஎஸ் கேம் ஒண்ணு சொல்லேன். புதுசா இருக்கணும்." சித்தி பையன் கேட்பான், பெரியம்மா பொண்ணு கேட்பா. ஆளுக்கு ஆள் தனித்தனியா டைப் பண்ண முடியல. மொத்தமா எழுதிடறேன், எல்லாரும் படிச்சுக்கோங்க.

பேர் சொல்றதுக்கு முன்னாடி நான் மூணு கேள்வி கேட்பேன். உன் லேப்டாப்ல தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கா? ராத்திரி எவ்வளவு நேரம் கிடைக்கும்? தோத்தா கோபம் வருமா? மூணாவதுக்கு உண்மையைச் சொல்லணும். இந்த வகை கேம்ல ஒரு மணி நேரம் கட்டினது ரெண்டு நிமிஷத்துல தரைமட்டமாகும்.

ஆர்டிஎஸ்ன்னா ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி. செஸ் மாதிரி உன் முறை, என் முறைன்னு காத்திருக்கறது கிடையாது. நீ மரம் வெட்ட ஆள் அனுப்பற அதே நொடியில எதிராளி குதிரை லாயம் கட்டிட்டு இருப்பான். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டை நினைச்சுக்கோ: சாம்பார் கொதிக்குது, அடுத்த உலைக்கு அரிசி களையணும், முதல் பந்தி உட்கார்ந்தாச்சு, கவனிக்கிற ஆள் ஒருத்தர்தான். அந்தப் பரபரப்பு பிடிச்சவங்களுக்கு இது அமிர்தம். 1992ல 'டியூன் 2' போட்ட பாதையிலதான் இன்னிக்கும் வண்டி ஓடுது: வளம் சேர், கட்டடம் கட்டு, படை எடு, அடி.

சரி, எதை வாங்கறது? புதுசு கேட்கிற எல்லாருக்கும் நான் முதல்ல கையில கொடுக்கறது ஒரு பழசைத்தான்: 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: டெஃபினிட்டிவ் எடிஷன்'. 1999ல வந்த கேம், 2019 நவம்பர்ல முழுசா புதுப்பிச்சு விட்டாங்க. இன்னிக்கும் புது நாகரிகங்கள், புது கேம்ப்பெயின்னு வந்துட்டே இருக்கு. எந்த நேரத்துல ஆன்லைன் போனாலும் ஆட ஆள் கிடைக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்லயும் பெரும்பாலும் ஓடும். டவுன்லோடு பண்ணும்போது 'என்ஹான்ஸ்டு கிராபிக்ஸ் பேக்'னு தனியா இலவசமா ஒண்ணு காட்டும், அதைத் தொடாதே. 4கே திரைக்கான படங்கள் அது. உன் 15 இன்ச் லேப்டாப்ல இடத்தை அடைக்கறதைத் தவிர வேற எதுக்கும் ஆகாது.

நமக்குன்னு இதுல இன்னொரு விசேஷம். 2022 ஏப்ரல்ல 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'னு ஒரு கூடுதல் பேக் வந்துச்சு. அதுக்கு முன்னாடி மொத்த நாட்டையும் 'இந்தியன்ஸ்'னு ஒரே மூட்டையில கட்டி வச்சிருந்தாங்க. அதைப் பிரிச்சு ஹிந்துஸ்தானி, வங்காளி, கூர்ஜரர், திராவிடர்னு நாலாக்கினாங்க. திராவிடர் பக்கம் ராஜேந்திர சோழன் பேர்ல தனி கேம்ப்பெயினே இருக்கு. அந்த ஆட்கள் தமிழ்லதான் பதில் சொல்வாங்க. மரம் வெட்டச் சொன்னா தமிழ்ல சரிங்கறதைக் கேட்டுட்டு என் அம்மாவே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாங்க. சுருள்வாள் வீசற உருமி வீரர்கள், திரிசடைங்கற பெரிய போர்க்கப்பல், எதிரியோட கவசத்தை மதிக்காம வெட்ட வைக்கிற வூட்ஸ் எஃகு, எல்லாம் இருக்கு. ஆனா ஊர்ப் பாசத்துல முதல் நாளே திராவிடரை எடுத்துடாதே. நைட்ங்கற கனமான குதிரைப்படை அவங்களுக்குக் கிடையாது. தண்ணி உள்ள மேப்ல ராஜா, வெறும் தரை மேப்ல புதுசா ஆடற ஆளுக்குக் கஷ்டம். கேம்ப்பெயினை ரசிச்சு ஆடு. சண்டை பழக பிரிட்டன்ஸ், ஃபிராங்க்ஸ் மாதிரி நேரடியான ஆளுங்களை எடு.

எப்படி ஆடறதுன்னும் சொல்லிடறேன், ஏன்னா பாதிப் பேர் இங்கதான் விட்டுட்டு ஓடறாங்க. ஆட்டம் ஆரம்பிக்கும்போது உன்கிட்ட மூணு வில்லேஜர், ஒரு குதிரை ஸ்கவுட், ஒரு டவுன் சென்டர். உணவு 200. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, உருவாக கேம் கடிகாரத்துல 25 நொடி. அதனால கண்ணை மூடிட்டு நாலு வில்லேஜரை வரிசையில போடு. டவுன் சென்டர் அஞ்சு பேரைத்தான் தாங்கும், நாலு பேர் ஏற்கனவே இருக்காங்க. அடுத்த நொடியே வில்லேஜர்களை வீடு கட்ட அனுப்பு. ஸ்கவுட்டைச் சுத்த விட்டு ஆடு தேடு. கிடைச்ச ஆட்டை டவுன் சென்டர் வாசல்லயே வெட்டு, அப்பதான் தூக்கிட்டு நடக்கற நேரம் மிச்சம். அப்புறம் காட்டுப்பன்னி. ஒரு ஆளை அனுப்பி ஒரு அம்பு விட்டு, அது துரத்திட்டு வரும்போதே டவுன் சென்டருக்கு ஓடி வரணும். அங்க ஆடு வெட்டிட்டு இருக்கறவங்க எல்லாரும் சேர்ந்து சாய்ச்சா 340 உணவு. ஓட மறந்தா ஆள் காலி.

இதுல ரகசியம் ஒண்ணே ஒண்ணுதான். பத்து நிமிஷத்துல ஒரு டவுன் சென்டர் 24 வில்லேஜரை உருவாக்க முடியும். புதுசா ஆடறவங்க பதினஞ்சு கூடத் தாண்ட மாட்டாங்க. ஸ்கவுட் சண்டையை வேடிக்கை பார்த்துட்டு டவுன் சென்டரைச் சும்மா உட்கார வச்சிருப்பாங்க. அப்புறம் "அவன் வேகமா கிளிக் பண்றான்க்கா"ன்னு அழுகை. வேகம் இல்லடா, அவன்கிட்ட ஒன்பது பேர் அதிகமா வேலை பார்க்கறாங்க. சண்டை நடுவுலயும் எச் கீயைத் தட்டி டவுன் சென்டருக்கு வந்து ஆள் போடு, முற்றுப்புள்ளி கீயைத் தட்டி சும்மா நிக்கிற வில்லேஜரைக் கண்டுபிடி. இந்த ரெண்டு கீ விரல்ல பதிஞ்சாலே சாதாரண கம்ப்யூட்டர் எதிரியை ஜெயிச்சுடலாம். 'ஆர்ட் ஆஃப் வார்'னு உள்ளேயே பயிற்சி மிஷன்கள் இருக்கு, மெடல் கொடுக்கும். தங்கம் வாங்கற வரைக்கும் ஆன்லைன் பக்கம் போகாதே.

இதே குடும்பத்துல 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4', 2021 அக்டோபர். பார்க்கத் தெளிவா இருக்கும், ஒவ்வொரு நாகரிகமும் நிஜமாவே வேற மாதிரி ஆடும். டெல்லி சுல்தானகத்துக்கு ஆராய்ச்சி எல்லாம் இலவசம், ஆனா மெதுவா நடக்கும். மசூதியில அறிஞர்களை உட்கார வச்சா வேகம் கூடும். கேம்ப்பெயின் நடுவுல வர்ற ஆவணப்படத் துண்டுகளுக்காகவே நான் இதைச் சிபாரிசு பண்ணுவேன், கேம் பிடிக்காத அப்பாவையும் பக்கத்துல உட்கார வச்சுடும். 8 ஜிபி ராம் கட்டாயம், 50 ஜிபி இடம் ஒழிச்சு வை. சாமி, பூதம், மின்னல்னு வேணுமா? 2024 செப்டம்பர்ல வந்த 'ஏஜ் ஆஃப் மித்தாலஜி: ரீடோல்டு'. ஆள் போடறதை அதுல தானா நடக்கற மாதிரி விட்டுடலாம். மேலே சொன்ன டவுன் சென்டர் தலைவலி இல்லாம சண்டையை மட்டும் ரசிக்க நினைக்கிறவங்களுக்கு இதுதான் சரியான வாசல்.

'கமாண்ட் அண்ட் கான்கர்' ஆடி வளர்ந்த மாமா, அண்ணன் யாராவது வீட்டுல இருந்தா அவங்களுக்கு 2025ல வந்த 'டெம்பெஸ்ட் ரைசிங்' வாங்கிக் கொடு. அறுவடை வண்டி, டாங்க் கூட்டம், தடதடக்கிற கிட்டார்னு தொண்ணூறுகள் வாசனை அப்படியே. பழைய ஆட்டத்துக்கு இசை போட்ட ஃபிராங்க் கிளபாக்கியே இதுலயும் கை வச்சிருக்கார். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம யோசிக்காதே.

'கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 3' வேற ரகம். 2023 பிப்ரவரி, ரெண்டாம் உலகப் போர், இத்தாலியும் வட ஆப்பிரிக்காவும். ஆடு, மரம் எதுவும் கிடையாது. அஞ்சாறு பேர் கொண்ட ஒரு குழுவை எந்தச் சுவருக்குப் பின்னாடி நிறுத்தறேங்கறதுதான் ஆட்டம். மவுஸை நகர்த்தும்போது தரையில புள்ளி தெரியும்: பச்சைன்னா நல்ல மறைப்பு, மஞ்சள்னா சுமார், சிவப்புன்னா நடு ரோடு, செத்தே. தனியா ஆடும்போது நிறுத்தி வச்சு உத்தரவு போடலாம். இத்தாலிப் போர்ல நம்ம நாட்டுப் படைகளும் இருந்தாங்க, மான்டே காசினோல நாலாவது இந்திய டிவிஷன் சண்டை போட்டுச்சு. கேம்லயும் கூர்க்கா வீரர்கள் வர்றாங்க.

அவசரமே ஆகாது, யோசிச்சுத்தான் ஆடுவேன்னு சொல்றியா? 'நார்த்கார்ட்'. வைக்கிங் கூட்டம், சின்ன நிலம், வருஷா வருஷம் பனிக்காலம். பனி வந்தா சாப்பாடு குறையும், விறகு செலவு ஏறும், அதுக்கு முன்கூட்டியே சேர்த்து வைக்கிறதுலதான் பாதி ஆட்டமும். ஒரு சுற்று முடிச்சுட்டு மனசு லேசாத் தூங்கப் போகலாம். இதுக்கு நேர் எதிர் 'தே ஆர் பில்லியன்ஸ்'. எப்ப வேணா ஸ்பேஸ் பார் தட்டி நிறுத்தலாம், அதனால சுலபம்னு தோணும். ஒரே ஒரு ஜாம்பி வேலி தாண்டி ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா அந்த வீட்டுல இருந்தவங்க எல்லாரும் ஜாம்பி, அவங்க அடுத்த வீடு, அரை நிமிஷத்துல ஊரே காலி. பழைய சேவுக்குத் திரும்பிப் போக வழியும் கிடையாது. மூணாவது கேள்விக்கு 'வரும்'னு பதில் சொன்னவங்க இதை வாங்கவே வாங்காதீங்க, கீபோர்டு விலை அதிகம்.

காசே இல்லையா? கவலை வேண்டாம். 'ஸ்டார்கிராஃப்ட் 2' 2017 நவம்பர்லேருந்து இலவசம். முதல் கேம்ப்பெயின் 'விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி' முழுசா சும்மா கிடைக்குது. இந்த வகையில இதுவரைக்கும் வந்த கேம்ப்பெயின்கள்லயே சிறந்தது அதுதான்னு நான் சொல்வேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம். லினக்ஸ் வச்சிருக்கிற இன்ஜினியரிங் பசங்களுக்கு '0 ஏ.டி.' இருக்கு. மௌரியர்கள், யானைகள் எல்லாம் உண்டு, முழுக்கத் தன்னார்வலர்கள் உருவாக்கினது. ஆயிரக்கணக்கான ரோபோ ஒரே திரையில மோதணும்னா 'பியாண்ட் ஆல் ரீசன்', அதுவும் இலவசம்.

போன்ல ஆட 'நார்த்கார்ட்', 'பேட் நார்த்' ரெண்டும் நல்லாருக்கு. காசு கொடுத்து ஒரு தடவை வாங்கினா முடிஞ்சது. பெயரைப் பார்த்து 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மொபைல்' இறக்கிட்டு என்கிட்ட புகார் சொல்லாதே. அது கட்டடம் முடிய மணிக்கணக்குல காத்திருக்கிற, காத்திருக்கப் பிடிக்கலேன்னா காசு கேட்கிற ரகம். பேர்தான் ஒண்ணு, ஆட்டம் வேற.

வாங்கற விஷயத்துக்கு வர்றேன். முழு விலை கொடுக்காதே. ஸ்டீம்ல ஜூன் கடைசியிலயும் டிசம்பர் கடைசியிலயும் பெரிய தள்ளுபடி வரும், விஷ்லிஸ்ட்ல போட்டு வச்சா மெயில் வந்துடும். வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணம் திரும்பக் கிடைக்கும். இந்த ரெண்டு மணி நேரத்தை பயிற்சி மிஷன்ல வீணாக்காதே. ஆர்டிஎஸ் கேம் ஆரம்பத்துல எல்லா லேப்டாப்லயும் பட்டு மாதிரிதான் ஓடும். ரெண்டு பக்கமும் நூத்துக்கணக்குல படை சேர்ந்து மோதும்போதுதான் மூச்சு வாங்கும். அதனால வாங்கின உடனே பெரிய மேப், நிறைய கம்ப்யூட்டர் எதிரி, கடைசி யுகத்துலேருந்து ஆரம்பம்னு வச்சு ஒரு சண்டையை ஓட்டிப் பார். 'ஏஜ் 2'ல இதுக்கு மெனுவிலேயே பெஞ்ச்மார்க் இருக்கு. திக்கினா அன்னிக்கே ரீஃபண்டு போடு. அப்புறம், இன்னும் முடியாத கேமை நாளைக்கு நல்லாயிடும்னு நம்பி வாங்காதே. 2024ல 'ஸ்டார்ம்கேட்' மேல எத்தனை பேர் ஆசை வச்சாங்க, எத்தனை பேர் முகம் சுருங்குச்சுன்னு பார்த்தோமே. இன்னிக்கு என்ன இருக்கோ அதுக்குத்தான் காசு.

டச்பேட்ல ஆட நினைக்காதே. சில நூறு ரூபாய் மவுஸ் போதும், ஒளி வீசற ஏழு கலர் எல்லாம் தேவையில்ல. படையை மொத்தமா வளைச்சு கன்ட்ரோலும் 1ம் சேர்த்துத் தட்டினா அது ஒண்ணாம் குழு. அப்புறம் 1 தட்டினா போதும். மணிக்கட்டு மேசை விளிம்புல அழுந்தாம வை, வலி ஆரம்பிச்சா அன்னிக்கு அவ்வளவுதான்.

ஆன்லைன் போற தங்கச்சிங்களுக்குத் தனியா ஒண்ணு. கேம்ல நிஜப் பேர், காலேஜ் பேர், போட்டோ எதுவும் வேண்டாம். சாட்ல ஒருத்தன் எல்லை மீறினா பதில் டைப் பண்ற நேரத்துல ரெண்டு வில்லேஜர் போடலாம். மியூட் பண்ணு, ரிப்போர்ட் பண்ணு, ஆட்டத்தைப் பார். தம்பிங்களா, அந்த ஒருத்தன் நீங்களா இருந்தா குரூப்ல பேர் போட்டே எழுதுவேன்.

தெரியாத ஆளோட மோதறதுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்களே ஒரே அணியா சேர்ந்து கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடுங்க. ஒருத்தர் படை, ஒருத்தர் வேளாண்மைன்னு பிரிச்சுக்கலாம், தோத்தாலும் திட்ட ஆள் பக்கத்துலயே இருக்கும். ஸ்டீம் ஃபேமிலில சேர்ந்தா ஒருத்தர் வாங்கினதை மத்தவங்க ஆடலாம்தான், ஆனா ஒரே கேமை ஒரே நேரத்துல ரெண்டு பேர் ஆட ரெண்டு காப்பி வேணும். தள்ளுபடியில அண்ணன் ஒண்ணு, தங்கச்சி ஒண்ணு வாங்கிடுங்க. எனக்கும் ஒரு அழைப்பு அனுப்புங்க, சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல ஃப்ரீதான்.