ருசிக்கு விலையா, லேபிளுக்கு விலையா?



"இது மட்டும் ஏன் இவ்வளவு விலை?" என்று வாடிக்கையாளர் கேட்காத நாள் இல்லை. இதை விளங்கிக்கொள்ள, நாம் விற்காத இரு சரக்குகளைப் பார்ப்போம்: ஒயின், பீர். குடிக்கச் சொல்வதற்காக அல்ல. வியாபாரப் பாடத்திற்காக மட்டும்.

முதலில் அடக்கவிலை. ஒயினுக்கான திராட்சை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே அறுவடை. உயர்ரக ஒயினைப் பல ஆண்டுகள் இருப்பு வைப்பார்கள், முதல் முடங்கும். பீருக்கு மால்ட்டை இருப்பு வைத்து எந்த மாதமும் காய்ச்சலாம். சில வாரங்களில் சரக்கு தயார். ஆகவே ஒயின் விலை கூடுவதில் ஓரளவு நியாயம் உண்டு.

ஆனால் மீதி விலை பெயருக்கு. 1976-ல் பாரிசில் பிரெஞ்சு நிபுணர்களுக்கு லேபிளை மறைத்து ஒயின் கொடுத்தார்கள். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிபோர்னியா சரக்கே முதலிடம் பெற்றது! 2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது ருசி அதிகம் என்றார்கள்.

அப்படியானால் விலையை ஏற்றி எழுதினால் போதுமா? போதாது. 2006-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் பீரில் சில துளி வினிகர் கலந்தார்கள். தெரியாமல் குடித்த பலருக்குப் பிடித்தது. முன்பே சொல்லிக் கொடுத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். காதில் விழும் சொல் ருசியைக் கூட்டும், கெடுக்கவும் செய்யும். 'கலப்படம்' என்ற பேச்சு ஒருமுறை பரவினால் நம் நல்ல சரக்கும் கசக்கும்.

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள், 2023-ல் 9,000-ஐத் தாண்டின. பெரும்பாலானவை சிறு ஆலைகள். பெரிய கம்பெனி பீரைவிட விலை அதிகம், ஆனாலும் விற்கிறது. எந்த மால்ட், எந்த ஹாப்ஸ் என்று சொல்கிறார்கள். சிறு கிளாசில் ருசி பார்க்கவும் தருகிறார்கள். ஹாப்ஸின் கசப்பு ஒருவருக்கு அமிர்தம், மற்றவருக்கு வேம்பு. பிடித்தவர் மனம் ஒப்பிக் காசு தருகிறார்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. காப்பித்தூளோ நெய்யோ, முதலில் மாதிரி காட்டுவோம். பிறகு விலை சொல்வோம்.

2. எந்த ஊர்ச் சரக்கு, எந்தப் பருவத்து வரவு என்பதை உள்ளபடி சொல்வோம்.

3. இரண்டு மூன்று தரம் வைப்போம். மலிவானதைக் கேட்பவரை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம்; நாக்கு அவருடையது.

லேபிள் ஒருமுறை விற்கும்; மறுமுறை விற்பது நாணயமே.