கொட்ஸில்லா: சிறிய வசதியில் பிறந்த பெரிய கேள்வி

இராட்சத மிருகம் ஒன்று நகரத்துக்குள் புகுந்து கட்டடங்களை மிதிக்கும் படம் என்றதும், "படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு?" என்றுதான் எங்கள் வீடுகளில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இத்தகைய படங்களில் பல, சத்தத்தையும் இடிபாட்டையும் தவிர வேறெதையும் தருவதில்லை. எனினும், உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவி என்ற வகையில், 1954இல் வெளிவந்த ஜப்பானியப் படமான 'கொட்ஸில்லா' நாம் கற்க வேண்டிய ஒரு படைப்பு என்றே கருதுகிறேன். ஒரு சமூகத்தின் உண்மையான துயரத்தைக் குறைந்த வசதியைக் கொண்டு எப்படிச் சொல்லலாம் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

படம் பிறந்த காலம்

இந்தக் கதையமைப்பு ஜப்பானுக்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது. 1933இல் 'கிங் கொங்' நியூயோர்க் நகரைக் கலக்கியது. 1953இல் சுமார் இரண்டு இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட இன்னொரு படத்தில், அணுகுண்டுச் சோதனையால் விழித்தெழும் பழங்கால விலங்கு அதே நகரைத் தாக்கியது. அப்படத்தில் அணுகுண்டு, கதையைத் தொடக்கிவைக்கும் ஒரு காரணம் மட்டுமே.

ஜப்பானியருக்கு அது கதையன்று. 1945 மார்ச்சில் டோக்கியோ குண்டுவீச்சில் எரிந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. 1954 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்கா பிகினி தீவில் ஐதரசன் குண்டைச் சோதித்தபோது, 23 பேருடன் சென்ற ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. செப்டெம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3ஆம் திகதி படம் திரைக்கு வந்தது. அதன் முதற்காட்சியில் கடலில் ஒளி பிழம்பாக எழ, ஒரு கப்பல் எரிகிறது. அது எதைக் குறிக்கிறது என்பதைப் பார்வையாளருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இல்லாமை தந்த உத்திகள்

ஜப்பானிய அளவில் இது பெரிய செலவு. ஹொலிவூட் அளவில் சிறிய தொகை. பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வொரு படமாக எடுப்பதுதான் 'கிங் கொங்' முறை. அதற்குப் பணமும் இல்லை, காலமும் இல்லை. எனவே தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பான எய்ஜி சுபுராயா, ஒரு நடிகருக்கு மிருக உடை அணிவித்தார். ஹருவோ நகாஜிமா என்ற அந்நடிகர் சுமந்த உடையின் எடை சுமார் 100 கிலோ. அவர் மிதிப்பதற்காக டோக்கியோவின் கட்டடங்கள் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டன.

இதில் ஒரு பௌதிகவியல் சிக்கல் உண்டு. அந்த அளவிலான மாதிரிக் கட்டடம், உண்மைக் கட்டடம் விழும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கிலேயே விழுந்துவிடும். பார்ப்பவருக்கு அது விளையாட்டுப் பொருளாகத் தெரியும். ஆகவே கெமராவை வேகமாக ஓடவிட்டுப் படமெடுத்து, சாதாரண வேகத்தில் காட்டினார்கள். வீழ்ச்சி மெதுவாகத் தெரிந்தது, பாரம் வந்தது. மிருகத்தின் அலறலோ, தோல் கையுறையால் ஒரு பெரிய வயலின் வகைக் கருவியின் தந்தியைத் தேய்த்துப் பெறப்பட்டது.

இவற்றிலும் சிறந்த உத்தி, மிருகத்தைக் காட்டாமலிருந்தது. இயக்குநர் இஷிரோ ஹொண்டா முதலில் எரியும் படகுகளையும் உறவினரைத் தேடி அழும் குடும்பங்களையும் காட்டுகிறார். மிருகம் வருமுன்பே அச்சம் வந்துவிடுகிறது.

நகரமும் ஒரு பாத்திரம்

டோக்கியோவின் கின்ஸா வீதியிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தை கொட்ஸில்லா உடைக்கும் காட்சி புகழ்பெற்றது. அந்நகரத்தார் நாள்தோறும் அண்ணாந்து பார்த்த கோபுரம் அது. 1966இல் 'கொகோலா' என்ற ஹிந்திப் படத்தில் கடல் மிருகம் ஒன்று பம்பாய்க்கு வந்தது. நகரம் மாறலாம், ஆனால் பார்ப்பவர் நேசிக்கும் இடம் அதில் இருக்க வேண்டும்.

கண்டியை எண்ணிப் பாருங்கள். நமது மணிக்கூட்டுக் கோபுரம், இறந்த மகனின் நினைவாக ஒரு தந்தை கட்டிக் கொடுத்தது; 1950இல் திறக்கப்பட்டது. பெயர் தெரியாத பத்து மாடிக் கட்டடம் திரையில் சரிந்தால் நாம் வியப்போம். இந்தக் கோபுரத்தில் ஒரு விரிசல் விழுந்தாலே நெஞ்சு பதறும்.

மாணவிகளின் பாட்டு

படத்தின் உயிர் இறுதிப் பகுதியில் இருக்கிறது. செரிஸாவா என்ற விஞ்ஞானி, நீரிலுள்ள ஒட்சிசனை அழிக்கும் பொருளொன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். அதனால் மிருகத்தைக் கொல்லலாம். ஆனால் ஒருமுறை பயன்படுத்தினால், உலகம் அதை ஆயுதமாக்கிவிடும் என்று மறுக்கிறார். அவ்வேளை தொலைக்காட்சியில், மருத்துவமனைகளில் கிடக்கும் மக்களின் காட்சிகளோடு, பாடசாலை மாணவிகள் கூடிச் சமாதானத்துக்காகப் பாடும் பாடல் ஒலிக்கிறது. வாதங்களால் மாற்ற முடியாத மனத்தை அப்பாடல் மாற்றுகிறது. அவர் தம் குறிப்புகளை எரித்துவிட்டு, கருவியுடன் கடலுக்குள் இறங்கி, மேலே வர மறுத்துவிடுகிறார். அந்த முடிவை நாம் ஏற்க முடியாது. ஆனால் அவர் எழுப்பும் கேள்வி நமக்கும் உரியது: அறிந்த அனைத்தையும் செய்துதான் ஆக வேண்டுமா? விஞ்ஞானம் கற்கும் ஒவ்வொரு மாணவியும் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

நமக்கான பாடம்

தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் எழுதும்போது "செலவுக்குக் காசில்லை, உடுப்பில்லை, மேடையில்லை" என்று நாம் கவலைப்படுகிறோம். முதலில் கேட்க வேண்டியது வேறு: நம் ஊர் உண்மையில் எதற்கு அஞ்சுகிறது? மண்சரிவு எச்சரிக்கை வந்த மழை இரவுகளில், மலைச்சரிவு வீடுகளில் பிள்ளைகளை அணைத்தபடி விழித்திருக்கும் உம்மாமார் இருக்கிறார்கள். அந்த அச்சத்தைச் சொல்ல இராட்சத உடை தேவையில்லை. இருண்ட மேடை, மழையின் ஓசை, கதவைப் பார்த்தபடி இருக்கும் ஒரு முகம் போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இத்தகைய படம் பார்க்கும்போது முடிந்தால் பக்கத்தில் அமருங்கள். முடிந்ததும், "அந்த மிருகம் எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். நல்ல படமென்றால் அந்தக் கேள்விக்கு விடை மனிதரிடம் வந்து நிற்கும்.