அறிவியல் மூலை: கல் தரையில் பிசின் கறை

நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது. வாசலில் கல் பதித்ததும் இடுக்கை அடைக்க எபாக்சி பூசுறாங்க. இது பிசினும் கடினப்படுத்தியும் கலந்து, வேதிவினையால் இறுகுவது.

கல்மேல் படிந்ததை ஈரமா இருக்கும்போதே சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஸ்பாஞ்சை நனைத்துத் துடைக்கணும். கையுறை அவசியம்; இறுகாத பிசின் தோலில் ஒவ்வாமை தரும்.

காய்ந்துட்டா? பலர் ஆசிட் ஊத்துறாங்க. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இறுகிய எபாக்சியைக் கரைக்காது. சிமெண்டையும் மார்பிளையும்தான் அரிக்கும். அதோட பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுவாயு வரும். உயிருக்கே ஆபத்து!

இறுகிய எபாக்சி சூட்டில் உருகாது, ஆனால் இளகும். பெரியவர்கள் மிதமாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டலாம். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கணும்.

வீட்டில் சொல்லுங்க: ஆசிட் வேண்டாம், ஈரத்திலேயே துடைப்போம்!